மச்சச் சட்டியோடு வரும் கடிதம்

அன்புள்ள தம்பி,

நாளைக் காலையில் மருமகள் சுபா என்னிடம் வருவாள். அவள் கையில் ஒரு மண்சட்டியையும் இந்தக் கடிதத்தையும் கொடுத்து அனுப்பப்போகிறேன். சட்டியின் மூடியைத் திறப்பதற்கு முதல் கடிதத்தைப் படி. படித்து முடித்த பிறகும் திறக்க மனம் வராவிட்டால் நான் உன்னோடு கோபிக்க மாட்டேன். கோபிக்கிற உரிமை எனக்கு இல்லை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். முப்பது வருசம் கொழும்புக் கோட்டையில் ஒரு கந்தோரில் இருந்து மற்றவர்கள் சொல்லச் சொல்ல டைப் அடித்தவள் நான். என் மனதில் கிடப்பதை நானே சொல்லி நானே எழுதுவது இதுதான் முதல் தரம். முன்னுக்குப் பின் வந்தால் பொறுத்துக்கொள்.

போனில் சொல்லலாம்தான். நீ எடுத்தவுடன் நான் சாப்பிட்டேனா என்று கேட்கிறாய். அதையே நான் திருப்பிக் கேட்டவுடன் ஓம் அம்மா, பிறகு கதைக்கிறன் என்று வைத்துவிடுகிறாய். அந்தப் பிறகு இதுவரைக்கும் வரவில்லை. நேரில் வந்தால் உன் போன் அடித்தபடி இருக்கிறது. துறைமுகத்தில் நிற்கிற கொள்கலன்கள் எல்லாம் உன் ஒருவனை நம்பித்தான் நிற்கின்றன போலும். ஆகவே கடிதம்தான். கடிதத்தை நடுவில் வெட்ட ஏலாது.

போன மாசம் பொரளை ஆஸ்பத்திரியில் நடந்ததில் இருந்து தொடங்குகிறேன். அன்று டொக்டரிடம் காட்ட வேண்டியவள் நான். பிரஷர் என்னுடையது, நம்பர் என்னுடையது. நீ அரைநாள் லீவு போட்டு என்னைக் கூட்டிக்கொண்டு வந்தாய். லிஃப்டுக்கு நின்ற வரிசையைப் பார்த்துப் பொறுமையில்லாமல், நீங்கள் இதில் வாருங்கள், நான் போய் இடம் பிடிக்கிறேன் என்று மூன்று மாடியையும் படியால் ஏறிப் போனாய். நான் மேலே வந்தபோது சட்டையின் மேல் பொத்தான்களைக் கழற்றிவிட்டுக் கதிரையில் சாய்ந்திருந்தாய். முகத்தில் இரத்தம் இல்லை. சும்மா இளைப்பு அம்மா என்றாய். என் நம்பரைக் கூப்பிட்டபோது நான் உன் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய், முதலில் இவனைப் பாருங்கோ என்றேன். நாற்பத்து மூன்று வயது ஆம்பிளையைத் தாய் இழுத்துக்கொண்டு வருவதைப் பார்த்து அந்த நேர்ஸ் பிள்ளை சிரித்தது. ஒரு கிழமை கழித்து எல்லாச் சோதனையும் முடிந்து, நெஞ்சுக்குப் போகிற குழாயில் அடைப்புத் தொடங்கியிருக்கிறது, மருந்தும் உண்டு காலமும் உண்டு, ஆனால் சாப்பாட்டை மாற்ற வேண்டும் என்று டொக்டர் சொன்னபோது ஒருவரும் சிரிக்கவில்லை. என் நெஞ்சு நன்றாக இருக்கிறது என்றும் அதே மேசையில் வைத்து அவர் சொன்னார். இரண்டு பேருடைய றிப்போட்டையும் மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா என்று பைத்தியக்காரி மாதிரி யோசித்தேன்.

நீ என்ன சாப்பிடுகிறாய் என்று அவர் கேட்டார். நான் சுத்த மரக்கறி டொக்டர், மச்சம் தொடுவதே இல்லை என்று பெருமையாகச் சொன்னாய். மீனும் இறைச்சியும் தொடாதவனுக்கு இது எப்படி வந்தது என்று நீ அவரையே கேட்டாய். அவர் பொறுமையான மனுசன். நேற்று முழுவதும் என்ன சாப்பிட்டாய் என்று வரிசையாகச் சொல்லச் சொன்னார். வத்தளையில் இருந்து விடியப் புறப்படுகிறபடியால் வீட்டில் ஒன்றும் இல்லை. கொட்டாஞ்சேனையில் கந்தோருக்குப் பக்கத்துச் சைவக்கடையில் இரண்டு உழுந்து வடையும் பால்தேத்தண்ணியும். மத்தியானம் அதே கடைப் பார்சல்: வெள்ளைச் சோறு, கத்தரிக்காய்ப் பொரியல், வாழைக்காய்ப் பொரியல், அப்பளம், மோர்மிளகாய். நாலு மணிக்கு மரக்கறி ரோல்ஸ். இரவு கொத்துரொட்டி, அதுவும் மரக்கறி. நீ சொல்லச் சொல்ல அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். பிறகு, "மீன் சாப்பிடுங்கோ தம்பி. பொரிச்சதை விடுங்கோ" என்றார்.

நீ தலையை ஆட்டிக்கொண்டு சொன்னாய்: "மீன் மட்டும் ஏலாது டொக்டர். அது எங்கட அப்பாட விசயம்."

டொக்டர் சொன்ன அந்த இரண்டு வசனத்தையும் நான் அதற்கு முதலும் ஒரு தரம் கேட்டிருக்கிறேன், தம்பி. முப்பத்திரண்டு வருசத்துக்கு முதல், சிங்களத்தில்.

அப்பாவுக்கு முதல் தரம் நெஞ்சுக்குத்து வந்தபோது உனக்குப் பதினொரு வயது. வெள்ளவத்தையில் அந்த இரண்டு அறை வீட்டில் அப்போது நாங்கள் மூன்று பேர் மட்டுமல்ல. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்த சொந்தக்காரர் எந்த நேரமும் ஐந்தாறு பேர் பாயில் படுத்திருப்பார்கள். காலையில் அத்தனை பேருக்கும் சமைத்து வைத்துவிட்டு நான் ஏழு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். நீ இப்போது எனக்கு நேரமில்லை என்று சொல்லும்போது அது பொய் என்று நான் நினைப்பதில்லை. அந்த நேரமின்மையில் ஊறி வந்தவள் நான். நேரமில்லாதவளுக்குத் தாச்சியும் எண்ணெயும்தான் கைகொடுக்கும் என்று நினைத்தேன். எதையும் வெட்டிப் போட்டால் பத்து நிமிசத்தில் பொரிந்துவிடும். வீட்டில் இருப்பவர்களும் சத்தமில்லாமல் தின்பார்கள்.

அப்பாவை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்த அன்று பின்னேரம் தலையில் தண்ணீர் வார்த்து, ஈரச் சேலையோடு உன்னையும் கையில் பிடித்துக்கொண்டு பிள்ளையார் கோவிலுக்குப் போனேன். இவர் பிழைத்து எழும்பினால் இனி எங்கள் வீட்டில் மச்சம் புழங்காது என்று நேர்த்தி வைத்தேன். உன்னையும் சொல்லச் சொன்னேன். நீ கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சொன்னாய். வீட்டுக்கு வந்து, மீன் சமைக்கவென்று தனியாக வைத்திருந்த மச்சச் சட்டிகள் மூன்றையும் எடுத்து ஒழுங்கை முனையில் இருந்த ஒரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டேன். அடுத்த நாள் அப்பா கண் திறந்து கதைத்தார். பிறகு என் நம்பிக்கையை யார் அசைப்பது?

அதற்கும் அடுத்த நாள்தான் டொக்டர் என்னை வெளியே கூப்பிட்டுச் சொன்னார். "மாளு கண்ண. தெல் அடு கரண்ண." மீன் சாப்பிடட்டும், எண்ணெயைக் குறை என்றார். கந்தோரில் இருந்தவள் நான், சிங்களம் எனக்கு நன்றாகவே விளங்கும். சின்ன மீனாகப் பார்த்துப் பொரிக்காமல் அவித்துக் கொடு என்று அவர் கையால் காட்டியும் சொன்னார். நான் தலையாட்டினேன். உள்ளே போனபோது டொக்டர் என்ன சொன்னவர் என்று அப்பா கேட்டார். "மச்சத்தை விடச் சொன்னவர்" என்றேன்.

இதை நான் இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. அவர் உயிரோடு இருந்த மூன்று வருசத்திலும் அவருக்கே சொல்லவில்லை. பிள்ளையாருக்குக் கொடுத்த வாக்கை இரண்டாம் நாளே எப்படி மாற்றுவது என்று பயந்தேன். டொக்டர் வைத்தியம் பார்த்தார், பிழைக்க வைத்தது நேர்த்தி என்று எனக்குள் ஒரு கணக்கு. மீனை நிறுத்தியாகிவிட்டது, இனி எண்ணெய் ஒரு பொருட்டா என்றும் நினைத்தேன். ருசியானது ஒன்றுமில்லாமல் எழும்பிப் போகிற மனுசனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அதனால் பாகற்காயைப் பொரித்தேன். வாழைக்காயைப் பொரித்தேன். வெள்ளிக்கிழமைகளில் வடையும் அப்பளமும் வடகமும். மச்சம் இருந்த காலத்தில் மாதத்துக்கு ஒரு போத்தலில் முடிந்த எண்ணெய் பிறகு மூன்று போத்தலாகப் போனது. அப்போதும் எங்கள் வீட்டுச் சாப்பாடு சுத்தமானது என்று கோவிலில் நான் மற்றப் பெண்களுக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருந்தேன்.

மூன்று வருசம் கழித்து, கந்தோரில் மத்தியானச் சாப்பாடு முடிந்து மேசைக்குத் திரும்பிய அப்பா அப்படியே சரிந்தார். அதை நான் எழுதத் தேவையில்லை. செத்தவீட்டை மட்டும் எழுத வேண்டும். அப்பாவின் கந்தோரில் இருந்து பியசேன வந்திருந்தார். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து மேசை. அந்த மனுசன் பிள்ளை மாதிரி அழுதார். அழுதுகொண்டே, நான் ஒவ்வொரு நாளும் என் பார்சலைப் பிரித்து மீனில் பாதியை அவருக்கு வைப்பேன், அவரில்லாமல் இனி நான் எப்படிச் சாப்பிடுவேன் என்று சிங்களத்தில் சொன்னார். அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அது நெருப்பாக விழுந்தது. கூட்டத்துக்கு நடுவில் எழும்பி நின்று கத்தினேன்.

"நேர்த்தியை முறிச்சு மச்சம் திண்டபடியாத்தான் இந்த மனுசன் போனது."

நீ அப்போது தலைமாட்டில் குத்துவிளக்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டு நின்றாய். பதினாலு வயது. நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். பிறகு அப்பாவைப் பார்த்தாய். அந்தப் பார்வையை என்னால் இன்றைக்கும் மறக்க முடியவில்லை. நான் ஒரு வார்த்தை சொல்லி அதைத் திருத்தியிருக்கலாம். அழுகையில் சொல்லிவிட்டேன், நீ அதை மனதில் வைக்காதே என்று எட்டாம் நாளிலாவது, முப்பத்தொன்றிலாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் போனதற்கு ஒரு காரணம் இருந்தது எனக்கு வசதியாக இருந்தது. அந்தக் காரணம் என் அடுப்படியில் இல்லை என்பது இன்னும் வசதியாக இருந்தது.

அதற்குப் பிறகு நீ ஒரு நாளும் மீன் தொடவில்லை. பள்ளிக்கூடச் சுற்றுலாவில் சோறும் பருப்பும் தின்றுவிட்டு வந்தாய். சுபா கலியாணத்துக்கு முதல் இறாலும் நண்டும் சாப்பிட்டவள், உனக்காக எல்லாம் விட்டாள். என்ன பக்தி, என்ன கட்டுப்பாடு என்று ஊரெல்லாம் உன்னை மெச்சியபோது நானும் சேர்ந்து மெச்சினேன். அது பக்தி இல்லை, பயம் என்று எனக்குத் தெரியும். அந்தப் பயத்தை உனக்குள் வைத்தவள் நான் என்பதும் தெரியும். தெரிந்துகொண்டு இருபத்தொன்பது வருசம் நான் வாய் திறக்கவில்லை.

பியசேனவின் பார்சலில் இருந்தது என்ன மீன் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். அவர்கள் வீட்டில் செய்கிற அம்புல்தியல். சூரை மீனைத் துண்டு துண்டாக வெட்டி, கொறுக்காய்ப்புளியும் மிளகும் பூசி, துளி எண்ணெய் இல்லாமல் சட்டியில் வற்ற வைப்பது. அந்த மூன்று வருசத்தில் டொக்டர் சொன்ன சாப்பாட்டை அப்பாவுக்குப் போட்டது அந்த ஒரு மனுசன்தான். அவரை நான் செத்தவீட்டில் வைத்துத் திட்டி அனுப்பினேன். மன்னிப்புக் கேட்க இப்போது ஆளும் இல்லை. போன வருசம் அவரும் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

தம்பி, மீன் தின்னாவிட்டால் உனக்கு ஏதும் ஆகிவிடும் என்று நான் சொல்லவில்லை. மரக்கறி தின்று தொண்ணூறு வயது தாண்டியவர்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கிறார்கள். அவர்கள் அவித்துத் தின்கிறார்கள். நீ கடைசி வரைக்கும் மரக்கறியாகவே இருக்க விரும்பினால் இரு. விருப்பத்தில் இரு, அப்பாவைக் கொன்றது மீன் என்ற நினைப்பில் இருக்காதே. சைவக்கடைப் பலகையைப் பார்த்து உன் நெஞ்சு ஏமாறாது. அது எண்ணெயை மட்டும்தான் பார்க்கும்.

நேரமில்லை என்பாய். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், பிந்திப் படித்தவள் சொல்வது. சனிக்கிழமை இரவு கடலையோ கௌப்பியோ பயறோ ஊறப்போட்டால் ஞாயிறு காலையில் அவித்து, சின்னப் பெட்டிகளில் போட்டுக் குளிர்பெட்டியில் வைக்கலாம். நாலு மணிக்கு ரோல்ஸுக்குக் கை போகும்போது அந்தப் பெட்டி மேசையில் இருக்கட்டும். சிவப்பரிசியை முதல் நாளே கழுவிச் சோற்றுப் பானையில் போட்டுவிட்டால் காலையில் சுவிச்சைத் தட்டுவது மட்டும்தான் வேலை. பருப்பைத் தாளிக்காமல் இறக்கு. முதலில் என்னவோ குறைகிற மாதிரி இருக்கும், இரண்டு கிழமையில் நாக்கு பழகிவிடும், என்னுடையது பழகிவிட்டது. வல்லாரையை அரிந்து வெங்காயமும் தேசிப்புளியும் சேர்க்க ஐந்து நிமிசம். ஒரு கிழமைக்கு என்று சின்னப் போத்தலில் எண்ணெயை அளந்து ஊற்றிவிடு. போத்தல் முடிந்தால் அந்தக் கிழமை முடியும் மட்டும் அவியல். உப்பையும் கையை இறுக்கிப் போடு. பால்தேத்தண்ணியை விட்டு வெறுந்தேத்தண்ணி குடி. கடைப் பார்சல்தான் கதி என்ற நாளில் பொரியலை வேண்டாம் என்று சொல்லி இரண்டு கறியும் இலைச் சுண்டலும் கேள். வாய் திறந்து கேட்டால் தருவார்கள்.

இவ்வளவும் எழுதும்போதே கை சோர்கிறது. நீ படித்துவிட்டு ஓம் அம்மா என்று சொல்வாய். அடுத்த நாள் காலை அந்தக் கடை வாசலில் நிற்பாய். நான் வெள்ளவத்தையில் இருந்துகொண்டு உன் கையைப் பிடிக்க ஏலாது. நீ சின்னப்பிள்ளையாக இருந்தபோது என் சொல் ஒன்றையும் நீ தட்டியதில்லை. அப்போது நான் பிழையானதைச் சொன்னேன். இப்போது சரியானதைச் சொல்கிறேன், கேட்கிற வயதை நீ தாண்டிவிட்டாய். நான் என்ன செய்ய?

எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தேன். போன வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோவிலுக்குப் போய், நேர்த்தி வைத்தவள் நானே வந்திருக்கிறேன், என் பிள்ளையை இதில் இருந்து விட்டுவிடு, குறை ஏதும் இருந்தால் என்னோடு தீர்த்துக்கொள் என்று சொன்னேன். பக்கத்தில் நின்ற பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. இன்றைக்குக் காலையில் சந்தைக்குப் போனேன். மரக்கறிப் பக்கத்தோடு திரும்பி வருகிறவள் மீன்பக்கம் போனதும் கால் கூசியது. மீன்காரன் விடியப் பேலியகொடை மீன்சந்தையில் எடுத்து வந்த சூரையைக் காட்டினான். நீயும் அந்தப் பாதையால்தான் ஒவ்வொரு நாளும் கார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் போகிறாய். அம்புல்தியலுக்கு எவ்வளவு புளி என்று அவனிடமே கேட்டேன். எழுபத்திரண்டு வயதில் இதைக் கேட்கிறாளே என்று ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, பிறகு வடிவாகச் சொல்லித் தந்தான். நெருப்பைக் குறைத்து விடவேண்டும், கிண்டக்கூடாது, உப்பு மட்டாகப் போதும். ஞாயிற்றுக்கிழமை செய்தால் செவ்வாய், புதன் வரைக்கும் வைத்துச் சாப்பிடலாமாம். உன்னைப் போல ஓடித் திரிகிறவர்களுக்கென்றே செய்த சாப்பாடு. வருகிற வழியில் ஒரு புதுச் சட்டியும் வாங்கினேன். எங்கள் வீட்டுக்குள் மச்சச் சட்டி வந்தது முப்பத்திரண்டு வருசத்துக்குப் பிறகு இன்றைக்குத்தான்.

மத்தியானம் சோற்றோடு முதல் துண்டை நான் தின்றேன். அப்பாவின் படத்துக்கு முன்னால் இருந்துதான் தின்றேன். தொண்டையால் இறங்கவில்லை. தண்ணீர் குடித்து இறக்கினேன். இரண்டாவது துண்டு இறங்கியது. ருசியாக இருந்தது, தம்பி. பியசேனவின் பார்சலுக்காக அப்பா ஒவ்வொரு நாளும் காத்திருந்ததில் பிழையே இல்லை. நேர்த்தியை முறித்தது நான். பாவம் என்று ஒன்று இருந்தால் அது என் கணக்கில். நீ அதற்குப் பயப்பட ஒன்றும் மிச்சமில்லை.

நாலு துண்டு சட்டியில் இருக்கிறது. சுபாவுக்கு ஒன்று கொடு, பாவம் அவளும் எத்தனை வருசம் விட்டிருப்பாள். உன்னைக் கட்டாயப்படுத்த எனக்குத் தைரியம் இல்லை. போன் எடுத்து, திறந்தாயா, தின்றாயா என்று கேட்கவும் மாட்டேன். கேட்டால் எனக்காகப் பொய் சொல்வாய். அந்தப் பழக்கம் உனக்கு என்னிடம் இருந்து வந்ததாக இருக்கும். ஒன்று மட்டும் கேட்கிறேன். அந்த நாட்களில் மீன் சமைத்த சட்டியைத் தேசிக்காய் போட்டுத் தேய்த்து, மணம் போகும் மட்டும் வெயிலில் கவிழ்த்து வைப்பேன், உனக்கு நினைவிருக்கும். தின்றாலும் தின்னாவிட்டாலும் அடுத்த கிழமை சுபா இங்கே வரும்போது சட்டியை அப்படியே திருப்பிக் கொடுத்துவிடு, கழுவாமல் கொடுத்துவிடு. நான் மணந்து பார்த்துக்கொள்கிறேன்.

உன் அம்மா